கத்தோலிக்கப் பள்ளிகளில் பொதுநிலை ஆசிரியர் சங்கம்: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் கையேடு

கடலூரும் புதுச்சேரியும் ஒரே உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே துறவற சபை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளியும் அந்தப் பக்கம் ஒரு பள்ளியும் நடத்துகிறது. ஆனால் கடலூர் ஆசிரியருக்குத் தமிழ்நாட்டுச் சட்டம், புதுச்சேரி ஆசிரியருக்கு 1987-ஆம் ஆண்டுப் புதுச்சேரிப் பள்ளிக்கல்விச் சட்டமும் 1996-ஆம் ஆண்டு விதிகளும். கடலூரில் ஜெயித்த மனுவை அப்படியே நகலெடுத்துப் புதுச்சேரிக் கல்வித்துறைக்குக் கொடுத்தால் சட்டப் பெயரைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சங்கம் தொடங்கும் பலர் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பொதுநிலை ஆசிரியர் என்று இங்கே சொல்வது குருவாகவோ துறவியாகவோ இல்லாத எல்லா ஆசிரியர்களையும். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ.காரர், இந்து, இஸ்லாமியர் எல்லாரும் இதில் அடக்கம். வேலை கொடுப்பவர் பங்குத்தந்தையாகவும் இருக்கும்போது கத்தோலிக்க ஆசிரியருக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் வேலை: யார் எந்த வகை என்று பிரியுங்கள்

சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் சட்டத்தின் முன் அவர்கள் நாலு வகை. உறுப்பினர் பதிவேட்டில் பெயருக்கு எதிரே இந்த வகையை எழுதாமல் எந்த மனுவும் தயாரிக்காதீர்கள்.

அரசு உதவிபெறும் பணியிடத்தில், கல்வித்துறையின் ஒப்புதல் பெற்று, அரசுச் சம்பளம் வாங்குபவர் முதல் வகை. அதே பணியிடத்தில் நியமனமாகி, ஒப்புதல் வராமல் காத்திருப்பவர் இரண்டாவது வகை. உதவிபெறும் பள்ளிக்குள்ளேயே நிர்வாகம் சம்பளம் கொடுக்கும் ‘மேனேஜ்மென்ட் போஸ்ட்’காரர், சுயநிதிப் பிரிவு ஆசிரியர் ஆகியோர் மூன்றாவது. முழுக்கச் சுயநிதியில் நடக்கும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர் நான்காவது.

முதல் வகையினருக்கு மாநில அளவில் சங்கங்கள் இருக்கின்றன, ஜாக்டோ-ஜியோ போன்ற கூட்டமைப்பு இருக்கிறது. பாதுகாப்பே இல்லாதவர்கள் இரண்டாவது, மூன்றாவது வகையினர். பள்ளி அளவில் சங்கம் அமைக்கிறவர்கள் இவர்களை முதலில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அரசுச் சம்பளக்காரர்கள் மட்டும் கூடி நடத்தும் சங்கத்தை நிர்வாகம் பொருட்படுத்தாது. அவர்களுடைய சம்பளம் நிர்வாகத்தின் பையிலிருந்து போவதில்லையே.

இன்னொரு பிரிவையும் மறக்க வேண்டாம்: எழுத்தர், ஆய்வக உதவியாளர், ஆயா, காவலாளி, துப்புரவுப் பணியாளர். அவர்களுக்கு ஆசிரியர்களுக்கு இல்லாத ஒரு வழி உண்டு.

தொழிலாளர் துறையின் எந்தக் கதவு திறக்கும்

1988-ல் உச்ச நீதிமன்றம் சுந்தராம்பாள் வழக்கில் ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்று தீர்ப்பளித்தது. அது கோவாவில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்திய பள்ளியிலிருந்து பணிநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியையின் வழக்கு. பள்ளி என்பது ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும், ஆனால் பாடம் சொல்லித்தருவது தொழிலாளர் வேலை அல்ல என்றது நீதிமன்றம். ஆகவே பணிநீக்கத்தை எதிர்த்து ஆசிரியர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. போனால் இரண்டு மூன்று வருடம் கழித்து ‘அதிகார வரம்பு இல்லை’ என்ற ஒரு வரியோடு மனு திரும்பும்.

எழுத்தர், காவலாளி போன்றோரின் நிலை வேறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஊழியர் சங்க வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனம் என்பதால் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று சொன்னது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் ‘தொழில்’ என்பதற்கான வரையறை, அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை விலக்குகிறது. நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் இதை எடுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்துத் தயாராகுங்கள். மாதக் கட்டணம் வசூலித்து நடக்கும் மெட்ரிக் பள்ளியாக இருந்தால் கட்டண விகிதப் பட்டியலும் பள்ளியின் வரவுசெலவுக் கணக்கும் உங்கள் பக்கச் சான்று.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) விஷயத்தில் ஆசிரியருக்கும் தொழிலாளர் துறை திறந்திருக்கிறது. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். 2004-ல் ஆசிரியருக்குப் பணிக்கொடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சிறுபான்மைப் பள்ளி என்ற வாதம் இங்கே எடுபடாது.

கணக்கு இப்படி: கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் வாங்கியவர் 12 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 1,80,000 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கணக்கிடலாம். பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்பணி வேண்டும். இறப்பு, உடல் ஊனம் என்றால் அந்த நிபந்தனை இல்லை. உச்சவரம்பு 20 லட்சம். விண்ணப்பம் கொடுத்து 30 நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் போகலாம். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி படிவங்கள் மாறுவதால், பழைய சங்கக் கோப்பில் இருக்கும் படிவத்தை நகலெடுக்காமல் தொழிலாளர் அலுவலகத்தில் நடப்பிலுள்ள படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே நடக்கும் தந்திரம் ஒன்றுண்டு. ஏப்ரல் கடைசியில் ‘பணி முடிந்தது’ என்று கடிதம், ஜூனில் புது நியமனம். தொடர்பணி முறிந்துவிட்டது என்று காட்டுவதற்காக இது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர்பணிதான். வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் நிறுவனத்தில் 190 நாளே போதும். ஐந்து நாள் நடக்கும் பள்ளி இந்த 190 நாள் கணக்கில் வரும். வருகைப்பதிவேட்டு நகல் இருந்தால் அந்த ஏப்ரல் கடிதத்தால் பெரிய பாதிப்பு இல்லை. நகல் இல்லாதவர்தான் மாட்டிக்கொள்வார்.

சபை ஒன்று தன் புதுச்சேரிப் பள்ளியிலிருந்து கடலூர்ப் பள்ளிக்கு ஒருவரை அனுப்பும்போது ‘அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு இங்கே சேருங்கள்’ என்பார்கள். ராஜினாமா எழுதாதீர்கள். மாறுதல் ஆணை கேளுங்கள். இரண்டு பள்ளியையும் நடத்துவது ஒரே பதிவுபெற்ற சங்கம் என்றால் பணியாண்டுகள் தொடரும். ராஜினாமா கையெழுத்திட்டால் பழைய ஆண்டுகளை நீங்களே வெட்டிவிட்டதாக ஆகும்.

வருங்கால வைப்பு நிதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிக்கு அது கட்டாயம். ஆசிரியர் பங்கு 12 விழுக்காடு, நிர்வாகப் பங்கு 12 விழுக்காடு. ஒவ்வொரு உறுப்பினரும் தன் யூ.ஏ.என். எண்ணை (வைப்பு நிதி உறுப்பினரின் அடையாள எண்) கொண்டு பாஸ்புக்கைப் பார்க்கக் கற்றிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் அந்த இரண்டு தாளுமே புகாருக்குப் போதும்.

சங்கத்தைப் பதிவு செய்தல்

சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டம் 19(1)(இ) பிரிவில் இருக்கிறது. நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தரும் 30-ஆம் பிரிவு இதை ரத்து செய்வதில்லை.

தொழிற்சங்கமாகப் பதிவு செய்வதா, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழா என்ற கேள்வி எப்போதும் வரும். தொழிற்சங்கப் பதிவில் ஒரு நன்மை உண்டு: சங்க நடவடிக்கைக்காக நிர்வாகிகள்மேல் சதி வழக்கோ இழப்பீட்டு வழக்கோ போடுவதிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. ஆனால் ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்ற தீர்ப்பைக் காட்டிப் பதிவையே கேள்விக்குள்ளாக்குவார்கள், புதிய தொகுப்பின் வரையறையும் அதற்கு உதவும். ஆசிரியர் மட்டும் உள்ள சங்கத்துக்குச் சங்கங்கள் பதிவுச் சட்டமே நல்லது என்பது எங்கள் கருத்து. கடலூரில் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் ஏழு பேர் வேண்டும்.

ஏழு பேரை ஒரே பள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். தாளாளர் ஒரே நாளில் ஏழு மெமோ கொடுத்தால் சங்கம் முடிந்தது. குறைந்தது மூன்று பள்ளி, அதில் ஒருவராவது ஓய்வுபெற்றவர், ஒருவராவது ஒப்புதல் பெற்ற உதவிபெறும் ஆசிரியர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் பொறுப்பை ஒப்புதல் பெற்றவரிடமோ ஓய்வுபெற்றவரிடமோ கொடுங்கள். கடிதங்களில் கையெழுத்திடுபவரைத்தான் முதலில் குறிவைப்பார்கள்.

நிர்வாகக் குழுவில் பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. பள்ளி ஊழியரில் பெரும்பகுதி அவர்கள்தானே. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி (2013) பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பள்ளியிலும் உள்ளகக் குழு வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். குழு உறுப்பினர் பட்டியலைக் கேட்டு எழுதும் கடிதம் சங்கத்தின் முதல் கடிதங்களில் ஒன்றாக இருக்கட்டும்.

சாதி பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இந்த மறைமாவட்டத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையினர். நியமனத்திலும் தலைமைப் பதவியிலும் தங்களுக்குரிய இடம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை. இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டிருக்கிறது. அந்த ஆவணத்தின்படி நியமனப் பட்டியலை வெளியிடுங்கள் என்று சங்கம் கேட்கலாம். சங்க நிர்வாகக் குழுவே ஒரு சாதிக்காரர்களால் நிரம்பியிருந்தால் அதைக் கேட்க வாய் இருக்காது.

கணக்கு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ரசீதுப் புத்தகம், தீர்மானப் புத்தகம், இரண்டு கையெழுத்து வங்கிக் கணக்கு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட்டி, கணக்கை நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். பல ஆசிரியர் சங்கங்கள் இரண்டு மூன்று ஆண்டு தாக்கல் செய்யாமல் விட்டு, வழக்கு வரும்போது ‘செயல்படாத சங்கம்’ என்ற பெயர் வாங்குகின்றன.

ஒப்புதல் வராத நியமனம்

உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளியில் இன்று மிகப் பெரிய துன்பம் இதுதான். காலிப் பணியிடத்தில் நிர்வாகம் நியமிக்கிறது, ஆசிரியர் சேர்ந்து பாடம் நடத்துகிறார், ஒப்புதல் முன்மொழிவு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது. ஆண்டுகள் ஓடுகின்றன. அதுவரை கையில் வருவது நிர்வாகம் கொடுக்கும் சிறுதொகை.

திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில வகைதான். பள்ளியின் அங்கீகாரப் புதுப்பித்தல் நிலுவையில் இருப்பது. கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று வராதது. ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கைப்படி செய்யும் பணியிட நிர்ணயத்தில் அந்தப் பணியிடம் உபரியாகிவிட்டது. அந்தப் பள்ளியில் உபரி இல்லாவிட்டாலும் அதே கூட்டு மேலாண்மையின் வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் இருப்பது. கடைசிக் காரணம்தான் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கடுமையாகத் தாக்குகிறது. மறைமாவட்டத்தின் ஆர்.சி. பள்ளிகள் எல்லாம் ஒரே மேலாண்மை என்பதால், ஏதோ ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் கடலூர் நகரத்தில் நியமனம் நிற்கும்.

அதனால் நியமன ஆணையை வாங்குவதற்கு முன்பே நான்கு தாள்களைக் கேளுங்கள்: கடைசிப் பணியிட நிர்ணய ஆணை, காலியிடம் எப்படி உண்டானது என்பதற்கான ஆணை (ஓய்வு, இறப்பு, பதவி உயர்வு), நிர்வாகக் குழுத் தீர்மானம், கூட்டு மேலாண்மையில் அதே பாடத்தில் உபரி இல்லை என்ற கடிதம். ‘நம்ம ஃபாதர் சொல்லியிருக்கார்’ என்பது தாள் ஆகாது. நியமனத்துக்கு யாராவது பணம் கேட்டால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஒப்புதல் தருவது அரசு, பணம் வாங்குபவரால் அதற்கு உறுதி கொடுக்க முடியாது.

சேர்ந்த பிறகு, வேலை செய்ததற்கான சான்றைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். ஒப்புதல் இல்லாதவரைத் தனி நோட்டில் கையெழுத்திடச் சொல்லும் பழக்கம் உண்டு. பிற்பாடு அந்த நோட்டு காணாமல் போகும். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை ஒளிப்படம் எடுத்துவையுங்கள். பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பாளர் ஆணை, விடைத்தாள் திருத்தும் முகாம் ஆணை, பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஆசிரியர் விவரம், நீங்கள் கையெழுத்திட்ட மதிப்பெண் பட்டியல் ஆகியவை நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரங்கள்.

முன்மொழிவு எங்கே நிற்கிறது என்று அறிய அலுவலகத்துக்கு அலையாமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடலூரில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் சென்னை மாநிலத் தகவல் ஆணையம். புதுச்சேரிக்கு மாநில ஆணையம் கிடையாது, இரண்டாம் மேல்முறையீடு டெல்லி மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. கட்டணத்தை அஞ்சல் ஆணையாகக் கட்டுங்கள். ‘ஏன் ஒப்புதல் தரவில்லை’ என்று காரணம் கேட்டால் பதில் வராது. முன்மொழிவு பெறப்பட்ட தேதி, கோப்பு எண், குறிப்புப் பக்கங்களின் நகல், திருப்பிய கடித நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

நிர்வாகமும் ஆசிரியரும் இங்கே ஒரே பக்கம். உயர்நீதிமன்றத்தில் ரிட் போடும்போது நிர்வாகத்தையும் மனுதாரராகச் சேரச் சொல்லுங்கள். தனியாகப் போகும் ஆசிரியருக்கு முன்மொழிவு நகல் கிடைப்பதே பாடு.

தகுதித் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பணியிலிருக்கும் ஆசிரியரும் டெட் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ‘நமக்கு வேண்டியதில்லை’ என்று நம்பி உட்காருவது ஆபத்து. வயதும் தகுதியும் இருப்பவர்கள் எழுதித் தேறிவிடுவதுதான் நல்லது.

மெமோ வந்தால்

சிறுபான்மைப் பள்ளியில் ஒழுங்கு நடவடிக்கைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மற்றத் தனியார் பள்ளியில் பணிநீக்கத்துக்குக் கல்வித்துறையின் முன்அனுமதி ஒரு தடுப்பு. சிறுபான்மைப் பள்ளிக்கு அந்த முன்அனுமதி நிபந்தனையை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆகவே விசாரணைக் கோப்பு ஒன்றுதான் ஆசிரியருக்கு அரண். மேல்முறையீட்டிலும் நீதிமன்றத்திலும் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே நாளில் பதில் கேட்டால் ஒத்துக்கொள்ளாமல், குற்றச்சாட்டுக்கு அடிப்படையான புகார், சாட்சியம், பதிவேட்டு நகல்களைக் கேட்டும் பதிலளிக்க 15 நாள் அவகாசம் கேட்டும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தட்டச்சு செய்து வைத்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘போட்டுட்டா முடிஞ்சுபோச்சு டீச்சர்’ என்பார்கள். முடியாது. மூன்று வருடம் கழித்து அதுதான் ‘முன்னரே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்’ என்று கோப்பில் இருக்கும்.

கடிதங்களை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அஞ்சலில் அனுப்புங்கள். 2025-ல் பழைய பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. ஆகவே விரைவு அஞ்சலில் ‘பதிவு’ வசதியைச் சேர்த்துப் பட்டுவாடாச் சான்றும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கூடுதல் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை அதிகாரியாகப் புகார் கொடுத்தவரோ தாளாளரோ உட்கார்ந்தால் முதல் அமர்விலேயே எழுத்தில் ஆட்சேபணை தெரிவியுங்கள். ஆட்சேபித்துவிட்டு விசாரணையில் கலந்துகொள்ளவும் வேண்டும். கோபத்தில் வெளியேறினால் ஒருதலை விசாரணையாக முடித்து, ‘வாய்ப்புக் கொடுத்தும் வரவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். உதவிக்கு ஒரு சக ஆசிரியரை அனுமதிக்கக் கேளுங்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய மறுத்தால் அந்த மறுப்பையும் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு நகல் வாங்காமல் அறையை விட்டு வராதீர்கள்.

தற்காலிகப் பணிநீக்கம் என்றால் பிழைப்பூதியத்தை (அந்தக் காலத்துக்குத் தர வேண்டிய பகுதிச் சம்பளம்) எழுத்தில் கேளுங்கள். அதைக் கொடுக்காமல் நடத்திய விசாரணை நிற்காது என்பதற்கு 1999-ஆம் ஆண்டு பால் ஆண்டனி வழக்குத் தீர்ப்பு இருக்கிறது.

மேல்முறையீடு எழுதும்போது பழைய மாதிரிக் கடிதங்களை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டத்தின் 22, 23-ஆம் பிரிவுகளை மேற்கோள் காட்டும் மாதிரிகள் இன்னும் சுற்றிவருகின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2018-ஆம் ஆண்டுச் சட்டம்; 2023 ஜனவரியில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ரிட் மனு போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2022 ஆகஸ்டில் புனித மரியன்னை கல்விச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவிபெறாத தனியார் பள்ளி ஊழியரின் வெறும் பணி ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. நான்காவது வகை ஆசிரியர் எந்தச் சட்ட விதி மீறப்பட்டது என்று காட்டினால்தான் ரிட் நிற்கும். இல்லையென்றால் சட்டப்படியான மேல்முறையீடு அல்லது உரிமையியல் நீதிமன்றம். சம்பள நிலுவை வழக்குக்கு மூன்று ஆண்டு கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருந்தால் அந்தக் கெடு நீளாது.

தலைமையாசிரியர் பதவியில் பணிமூப்பை மட்டும் வைத்து வழக்குப் போடுவது பெரும்பாலும் பணவிரயம். சிறுபான்மை நிறுவனம் தன் தலைவரைத் தேர்வது அதன் அடிப்படை உரிமை என்று மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் 2006-ல் தீர்ப்பாகிவிட்டது. தேர்வு செய்யப்பட்டவருக்குக் கல்வித்தகுதியே இல்லையென்றால் மட்டும் கேள்வி எழுப்புங்கள்.

அசல் சான்றிதழைப் பள்ளியில் ஒப்படைக்கச் சொன்னால் சரிபார்த்ததும் திருப்பித் தருவதாக ரசீது வாங்குங்கள். தேதியில்லாத ராஜினாமாக் கடிதம் கேட்டால், அந்த நாளே சங்கச் செயலாளருக்கு நடந்ததைத் தேதியிட்டு எழுதி அனுப்பிவிடுங்கள்.

திருச்சபையின் சொந்த ஆவணங்கள்

‘சங்கம் வைப்பது கிறிஸ்தவம் அல்ல’ என்று சொல்லும் தாளாளரிடம் மார்க்ஸைப் பேச வேண்டாம். 1891-ல் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைச் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டார். 1981-ல் இரண்டாம் யோவான் பவுல் மீண்டும் வலியுறுத்தினார். 1986-ல் அமெரிக்க ஆயர்கள், திருச்சபை நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை உண்டு என்று எழுதினார்கள். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1286-ஆம் எண், சொத்துகளை நிர்வகிப்பவர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைத் துல்லியமாகக் கடைப்பிடிக்கவும் நியாயமான ஊதியம் தரவும் கட்டளையிடுகிறது. பொதுநிலையினரின் தகுந்த ஊதிய உரிமையை 231-ஆம் எண் சொல்கிறது. துறவற சபை நடத்தும் கத்தோலிக்கப் பள்ளியைப் பார்வையிடும் உரிமை மறைமாவட்ட ஆயருக்கு உண்டு என்கிறது 806-ஆம் எண். ஆகவே ‘இது சபைப் பள்ளி, பேராயருக்குச் சம்பந்தமில்லை’ என்பது சரியல்ல.

இவை நீதிமன்றத்தில் செல்லும் சட்டம் அல்ல. பேராயர் இல்லத்திலும் துறவற சபையின் மாகாணத் தலைவியிடமும் செல்லும். கடிதத்தில் இரண்டே வரியில் எண்ணைக் குறிப்பிட்டுவிட்டு, மீதி முழுவதையும் சம்பளச் சீட்டும் தேதியுமாக எழுதுங்கள்.

அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அங்கே 1979-ல் சிக்காகோ கத்தோலிக்க ஆயர் வழக்கில், திருச்சபைப் பள்ளிப் பொதுநிலை ஆசிரியர்கள் தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பானது. 2020-ல், மறைக்கல்வி புகட்டும் ஆசிரியர்கள் வேலைப் பாகுபாட்டு வழக்குத் தொடுக்கும் வழியும் சுருங்கியது. இந்திய உச்ச நீதிமன்றமோ 1986-ல் பிராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் எதிர்த்திசையில் போனது: ஊழியருக்குத் தகுந்த ஊதியமும் பணிநிபந்தனையும் தரச் சொல்வது சிறுபான்மை உரிமையை மீறுவதாகாது என்றது. அது டெல்லிச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு, ஆனாலும் ஊதியப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வைக்கத் தகுந்தது.

கத்தோலிக்க ஆசிரியரின் கூடுதல் சிக்கலுக்கு வருவோம். மகளின் திருமணத்துக்குப் பங்குத்தந்தையின் கையெழுத்து வேண்டும், அவரே தாளாளர். சங்கம் ஒரு நடைமுறையை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்: பள்ளிச் சம்பந்தமான பேச்சு பள்ளி அலுவலகத்தில், எழுத்தில், இரண்டு பேராக மட்டுமே. பாவசங்கீர்த்தனத்திலோ திருவிழாக் கூட்டத்திலோ அன்பியத்திலோ (பங்கின் சிறு குழுக் கூட்டம்) அதைப் பேசுவதில்லை. கத்தோலிக்க ஆசிரியர் தாளாளரின் பங்கைச் சேர்ந்தவரானால் அவருடைய பிரச்சினையை வேறு பங்கைச் சேர்ந்த நிர்வாகியோ கத்தோலிக்கரல்லாத நிர்வாகியோ எடுத்துப் பேசட்டும். திருவிழா, கட்டட நிதி என்று சம்பளத்தில் பிடித்தம் செய்தால், எழுத்து ஒப்புதல் தராத பிடித்தம் என்று குறிப்பிட்டுத் திரும்பக் கேளுங்கள். விருப்பமுள்ளவர் தனியே காணிக்கை கொடுக்கத் தடையில்லை.

பேச்சுவார்த்தையும் போராட்டமும்

கோரிக்கைக் கடிதத்தை ஜூனில் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கான கட்டணமும் சம்பளமும் பிப்ரவரி, மார்ச்சில் முடிவாகின்றன. ஏப்ரலில் யாரைத் தொடர்வது என்று தீர்மானிக்கிறார்கள். ஜனவரி கடைசிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஐந்துக்கு மேல் கோரிக்கை வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கி வழிச் சம்பளம், வைப்பு நிதி, கோடை விடுமுறைச் சம்பளம், நியமன ஆணை என்று நிர்வாகம் மறுக்கக் கூச்சப்படும் விஷயங்களில் தொடங்கினால் ஊதிய உயர்வுப் பேச்சுக்கு மேசை அமைந்துவிடும்.

தலைமையாசிரியர், தாளாளர், மறைமாவட்டக் கல்விச் செயலர், பேராயர் என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு படியிலும் 15 நாள். நேரே பேராயரிடம் போன கடிதம் கீழே தாளாளரிடமே விளக்கத்துக்கு வரும், நீங்கள் அவரைத் தாண்டிப் போனதும் தெரிந்துவிடும். சபைப் பள்ளியானால் கல்விச் செயலரின் இடத்தில் மாகாணத் தலைமை. பேசி முடித்த அன்றே நடவடிக்கைக் குறிப்பு எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தாளாளர் மாற்றலாகிப் போவார். அடுத்து வருபவருக்கு அந்தத் தாள் மட்டுமே தெரியும்.

வேலைநிறுத்தம் கடைசி. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003-ல் டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உதவிபெறும் ஆசிரியர்மேலும் ஏவுவார்கள். சுயநிதி ஆசிரியர் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வேறு ஆள் வகுப்பில் நிற்பார். பள்ளி நேரம் முடிந்த பிறகு கோரிக்கை அட்டை அணிந்து நிற்பது, முதன்மைக் கல்வி அலுவலகம் முன்போ புதுச்சேரியில் அண்ணா நகர்க் கல்வித்துறை வளாகம் முன்போ சனிக்கிழமை ஆர்ப்பாட்டம், முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுத்துமூல அனுமதி என்று போங்கள். பொதுத்தேர்வு, திருத்தும் முகாம் காலத்தைத் தவிருங்கள். பெற்றோர் ஆதரவு போய்விட்டால் நிர்வாகத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆர்ப்பாட்டத்தில் யாருக்கு எதிராகப் போராடுகிறோம் என்பதையும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உதவிபெறும் பணியிடச் சம்பளம் தாமதமானால் பொறுப்பு அரசுடையது. அந்த ஆர்ப்பாட்டத்துக்குத் தாளாளரையும் அழையுங்கள். சுயநிதிப் பிரிவுச் சம்பளம் நின்றால் பொறுப்பு நிர்வாகத்துடையது. அதற்கு அரசு அலுவலகத்தின் முன் நின்று பயனில்லை. அழைப்பு அறிவிக்கையின் முதல் வரியிலேயே யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று எழுதிவிட்டால் உறுப்பினருக்கும் காவல்துறைக்கும் பத்திரிகைக்கும் ஒரே செய்தி போகும்.